இருபத்தொன்பதாம் தேதி இரவு

பாச்சேக்கோ தன் கடை அட்டையில்
இப்போதெல்லாம் பென்சிலால்தான் விலை எழுதுகிறார்.
காலையில் ஓர் எண்.
அழித்து, மத்தியானம் இன்னொன்று.
அழித்த இடம் நைந்து ஓட்டை விழப் பார்க்கிறது.

நான் பழைய கிழங்காகப் பொறுக்குகிறேன்.
சுருங்கியது, மண் ஒட்டியது,
முளை கிள்ளினால் சரியாகிவிடும் என்கிற மாதிரி.
புதுக்கிழங்கில் தண்ணீர் அதிகம்.
மாவை விழுங்கும்.
மாவு கையைக் கடிக்கும்.

ஒரு கிலோ கிழங்கு, முந்நூறு கிராம் மாவு, உப்பு.
முட்டை சேர்க்கலாம் என்பார்கள்.
சேர்க்காமலும் ஆகும்.
சேர்க்கவில்லை.

ரொசாரியோவில் ஆகஸ்ட்.
பரானா நதிப் பக்கமிருந்து வருகிற காற்று
மூன்றாம் மாடி ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
நான் சிலிண்டரைப் பிடித்து உலுக்குகிறேன்.
அடியில் கொஞ்சம் களுக் என்கிறது.

தோலோடு முழுசாக வேகவிட்டால் அரை மணி நேரம்.
வெட்டிப் போட்டால் பன்னிரண்டே நிமிடம்,
ஆனால் தண்ணீர் குடித்துவிடும்,
மறுபடி மாவு கேட்கும்.
எரிவாயுவா, மாவா?
டெலிவிஷனில் கோட்டுப் போட்ட நான்கு பேர்
வேறு ஏதோ கணக்கைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
முழுசாகவே போட்டு, மூடி,
மூடிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன்.

சூட்டோடு உரிக்க வேண்டும். ஆறினால் பசையாகிவிடும்.
ஊதி ஊதி உரித்து, மசித்து,
மாவைத் தூவிச் சேர்த்தால் போதும்.
அதிகம் பிசைந்தால் ரப்பர்.

ரப்பர் எனக்குத் தெரியும்.
பதினோரு வருடம் ஃபிரிட்ஜ் கதவுகளில்
ரப்பர் பட்டை பொருத்தியவன்.
கட்டைவிரலால் ஓர் அழுத்து, ஓர் இழுப்பு,
கதவுக்கு முப்பத்திரண்டு தடவை.
மே மாதம் ஆலை வாசலில் சங்கிலி போட்டார்கள்.
அதே கட்டைவிரல்.
முள்கரண்டியின் முதுகில் மாவுத்துண்டை வைத்து
ஓர் அழுத்து, ஓர் இழுப்பு.
வரிவரியாக விழுகிறது ஞோக்கி.

மிலாக்ரோஸ் உருட்டுவது அளவெடுத்த மாதிரி இருக்கிறது.
நாவெல் உருட்டுவது நாயின் காது.
"இது வேணும்னே செஞ்சது" என்கிறான்.

பாதி வெங்காயம். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய தக்காளிச் சாந்து.
வழக்கறிஞர் வீட்டு வேலி தாண்டி நீட்டிய
பிரிஞ்சி இலை இரண்டு
(வேலி தாண்டினால் தெருவுக்குச் சொந்தம்).
கொதிக்கும் நீரில் போட்டதும் எல்லாம் மூழ்கும்.
பொறுத்தால் ஒவ்வொன்றாக மிதந்து வரும்.
மிதந்ததை அள்ளு.
நாய்க்காதுகள் கடைசியில் வந்தன.

மபெல் ஆஸ்பத்திரித் தரை துடைக்கப் போகுமுன்
நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம்.
அவளுக்குச் சம்பளம் ஐந்தாம் தேதி.
இந்த ஊர் வழக்கம் ஒன்று உண்டு:
இருபத்தொன்பதாம் தேதி ஞோக்கி சாப்பிடும்போது
தட்டுக்கு அடியில் ஒரு நோட்டு வைக்க வேண்டும்,
வருகிற மாதம் காசு வரும்.
வைக்க எங்களிடம் இருந்தது ஒரே நோட்டு,
அவளுடைய பஸ் கார்டில் நாளை ஏற்ற வேண்டியது.

முதலில் அவள் தட்டுக்கு அடியில் வைத்தேன்.
நான்கு கவளம் ஆனதும் இழுத்து
மிலாக்ரோஸ் தட்டுக்கு அடியில் தள்ளினாள்.
அவள் தம்பிக்கு.
அவன் தர மாட்டேன் என்று
தட்டின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான்,
சட்டையெல்லாம் தக்காளி.
"அப்பாவுக்கும் அதிர்ஷ்டம் வேணும்டா" என்றாள் மபெல்.
என்னிடம் வந்தபோது நோட்டு வெதுவெதுப்பாக இருந்தது.
நடுவில் அரைவட்டமாக ஒரு சிவப்புக் கறை.

துடைக்கத் துடைக்கப் பரவியது.

காலையில் மூலைக் கடையில்
கார்டையும் நோட்டையும் நீட்டினேன்.
செல்லாது என்பாளோ என்று கறைமேல் விரலை வைத்திருந்தேன்.
கடைக்காரி எல்விரா என் விரலை நகர்த்தினாள்.
மூக்கருகே கொண்டுபோனாள்.
"பிரிஞ்சி இலை" என்றாள்.
பிறகு கல்லாவை எனக்குத் தெரிகிற மாதிரி
முழுசாக இழுத்துத் திறந்தாள்.
உள்ளே ஒரு கட்டு நோட்டு,
ஒன்றில் அரைவட்டம், ஒன்றில் முழுவட்டம்,
ஒன்றில் யாரோ ஒரு குழந்தையின் ஐந்து விரல்.